கைக்கும் காலுக்கும் ஆக்சிஜன் அளவு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுரையீரலில் இருந்து சுத்த ரத்தம் கொண்டுவரும் நான்கு சிரைகளும் இதயத்தின் இடது மேலறையில் சேர வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அவை வலப்பக்கம் போய்ச் சேர்கின்றன; அதனால் உடலுக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூச்சிரைப்பை நிமோனியா என்று நினைத்து நாள் கடந்துவிடுகிறது. சிரை அடைபட்டிருந்தாலோ அவசர அறுவை சிகிச்சைதான் வழி.

கடலூர், புதுச்சேரி பிரசவ வார்டுகளில், பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு பாதத்திலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வையுங்கள். பாதம் ஜில்லிட்டிருந்தால் அளவு தப்பாகக் காட்டும். துணி சுற்றிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கையிலோ பாதத்திலோ 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். இரண்டிலும் 95-க்குக் குறைவு, அல்லது வித்தியாசம் 3-க்கு மேல் என்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எக்கோ எடுப்பவர் நான்கு சிரைகளையும் எண்ணி எழுதட்டும்.

அறுவைக்குப் பிறகு, சிரைகளை இடது மேலறையோடு இணைத்த இடம் சுருங்கலாம். முதல் ஆண்டில் மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்,
கடலூர்