அக்காவுக்கு, அந்தக் காலிக் கிளையைப் பற்றி

அக்கா,

நேற்று ராத்திரி பறவையைத் தைத்து முடித்துவிட்டேன். எந்தப் பறவை, எந்தத் துணி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துணிமேல் துணி அடுக்கி நீ செய்த மலைப்படம், அதன் கிளையில் உட்கார வேண்டிய குண்டுக்கரிச்சான், கறுப்பு உடம்பும் வெள்ளை வயிறுமாக இருக்கும் பாட்டுக்காரப் பறவை. நான்கு வருஷம் அலமாரி மேல்தட்டில் சுருண்டு கிடந்ததை எடுத்து விரித்தால் மலையெல்லாம் அப்படியே இருந்தது. பனிமூட்டத்துக்கு நீ போட்ட வலைத்துணி மட்டும் ஒரு மூலையில் மடிந்து கோடு விழுந்திருந்தது. ஆவி காட்டி நிமிர்த்தினேன். நைலான் வலை உருகும் என்று எனக்கும் தெரியும், இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கவில்லை.

இதை உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அனுப்பவில்லை. பொதுவில் எழுதினால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற பயத்திலாவது வார்த்தையை அளந்து போடுவேன் என்று ஒரு நினைப்பு. நம் வீட்டு ஆட்களும் படிப்பார்கள், அதனால் நீ என் பழைய பறவையைப் பிரித்ததற்கு அடுத்த மாதம் நடந்தது எதையும் இங்கே எடுக்கப்போவதில்லை. பறவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலு வருஷம் முன்னால் அந்தக் கிளையில் நான் முதல் முறை பறவையைத் தைத்துக் கொடுத்த அன்றைக்கு, நீ துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது பறவையா, துணியில் விழுந்த ஓட்டையா?" என்றாய். அறையில் ஆறு பேர் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் எரிகிறது. அப்புறம் நீ பாட்டுக்குத் துணியைக் குப்புறப் போட்டு, சின்னக் கத்தரியின் நுனியைத் தையலுக்கு அடியில் விட்டு ஒவ்வொன்றாக நறுக்கினாய். மறுபடி நிமிர்த்தி, இடுக்கியால் கறுப்பு நூல் துண்டுகளைப் பிடுங்கிப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்தாய். பதினோரு ராத்திரி தைத்ததைப் பிரிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியில் ஊசி போன துளைகள் மட்டும் பறவை உருவத்தில் மிஞ்சின. அதையும் நீ விடவில்லை, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாகத் தேய்த்தாய், இழைகள் நகர்ந்து வந்து துளைகளை மூடிக்கொண்டன. பிரித்ததைக்கூட நான் மறந்துவிடுவேன் அக்கா. தலைவலிக்கிற குழந்தைக்கு நெற்றியைத் தேய்த்துவிடுவது போல அவ்வளவு பக்குவமாக, அங்கே நான் தைத்த சுவடே இல்லாமல் தேய்த்தாயே, அதை மறக்க முடியவில்லை.

"தனித் துணியில் தைத்து எடுத்துவா, சரியாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்" என்றாய். சரியாக வந்தால்! நான் தைக்கவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. காலிக் கிளையோடு கண்காட்சியில் மாட்டினாய், அந்த வெறும் கிளைதான் படத்தின் உயிர் என்று யாரோ சொன்னதற்குத் தலையை ஆட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை மாதிரிதான் இருந்தது. குண்டுக்கரிச்சான் கறுப்பு என்றால் கறுப்பு நூல், இரண்டு இழை, இடமிருந்து வலம் நிரப்பு என்று நிரப்பியிருந்தேன். இறகு எந்தப் பக்கம் படிந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. இந்த முறை ஆறிழை நூலைப் பிரித்து ஒற்றை இழையில்தான் முழுவதும் தைத்தேன். வாலில் ஆரம்பித்துத் தலையை நோக்கி ஏறினேன். ஓட்டுக்கூரையில் கீழ் வரிசைமேல் மேல் வரிசை படிகிற மாதிரி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் முனையை மூட வேண்டுமே. முதுகில் வெறும் கறுப்பு இல்லை, அடர்நீலமும் கரிச்சாம்பலும் இடையிடையே ஓடுகின்றன. நீளத் தையல் ஒன்று, குட்டை ஒன்று. நூலுக்கே ஒரு பளபளப்பு உண்டு, தையலின் திசை மாறினால் அதே நூல் வேறு நிறமாகத் தெரிகிறது. இதை நீ நூறு முறை சொல்லியிருப்பாய், என் விரலுக்குப் புரிய நாலு வருஷம் ஆனது.

கண்தான் உயிரை எடுத்தது. கறுப்புத் தலையில் கறுப்புக் கண் எங்கே தெரியும்? கடைசியில் கீழே மயிரிழை மாதிரி ஒரு சாம்பல் வளைவு, மேலே வெள்ளையில் ஒரே ஒரு பொட்டுத் தையல். அவ்வளவுதான், என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

தனித் துணியில்தான் தைத்தேன். ஐந்து அடுக்குத் துணியைத் தையல் வளையத்தில் இறுக்கவே முடியாது, அதில் இவ்வளவு நெருக்கமாகத் தைத்தால் சுருங்கி இழுக்கும். அதனால் தனியே தைத்து, ஓரம் விட்டு வெட்டி, மடித்து, மேலே வைத்துத் தைப்பது காலங்காலமாக உள்ள முறை, இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டிலேயே பூவேலைகளை இப்படி வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆக, நீ சொன்னது வேலைக்காகச் சொன்னது, என்னை மட்டம் தட்ட அல்ல. ஒப்புக்கொள்கிறேன். நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்கிறேன். ஆனால் இந்தக் காரணத்தை அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் உன் வாய் முத்தா உதிர்ந்திருக்கும்? கற்றுக்கொடுக்கும்போது உனக்குப் பொறுமை இருந்ததே இல்லை, துணியிடம் காட்டியதில் பாதியை மனுஷரிடம் காட்டியிருக்கலாம்.

துணிச்சுருளுக்குள் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதில் அந்தக் கறுப்பு நூல் துண்டுகள். நீ எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைக்கிறவள்தான், இதில் பெரிதாக அர்த்தம் தேடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மற்றதெல்லாம் அந்தப் பெரிய ஜாடியில் கலந்து கிடக்கும்போது இது மட்டும் ஏன் தீப்பெட்டியில்? பாடும்போது பறவைக்குத் தொண்டையும் மார்பும் புடைக்குமில்லையா, அதற்குப் பஞ்சு வைக்கிற இடத்தில் இந்தத் துண்டுகளைத் திணித்துத் தைத்துவிட்டேன். வெள்ளை வயிற்றுக்கு அடியில் வைத்தால் நிழல் தட்டும் என்று கறுப்பு மார்பில் மட்டும். ஒரு சிட்டிகைகூட மிச்சம் இல்லை.

அடுத்த வாரம் துணியை உனக்கு அனுப்புகிறேன். உனக்குக் காலிக் கிளைதான் வேண்டும் என்றால் பிரித்துக்கொள், கத்தரியும் நகமும் உன்னிடம் இருக்கின்றன. கால்விரலைச் சரிபார்த்துவிட்டேன், முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. துணியின் பின்பக்கத்தை மட்டும் திருப்பாதே. முடிச்சுப் போட்டிருக்கிறேன், எட்டோ ஒன்பதோ.