வாசலில் கழற்றிப் போடுகிற உடுப்பு

அன்பு மகளுக்கு,

வின்ரருக்கு என்னென்ன உடுப்பு வாங்குவது என்று நீ கேட்டதற்கு ஃபோனில் அரைகுறையாகப் பதில் சொன்னால், கடையில் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ.

ரொறன்ரோவில் குளிர்காலம் என்றால் ஒரு காலநிலை இல்லை, இரண்டு. வீடு, வகுப்பறை, நூலகம் எல்லாம் 20, 22 பாகைக்குச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் ஜனவரியில் மைனஸ் 10. கொழும்பில் வருடம் முழுவதும் இரவையும் பகலையும் சேர்த்துப் பார்த்தாலும் வெப்பநிலை பத்துப் பாகை அளவில்தான் ஏறி இறங்கும். ரொறன்ரோவில் ஒரு வாசலைத் தாண்டினாலே 30 பாகை மாறிவிடும். ஆகவே நீ வாங்குகிற ஒவ்வொரு உடுப்பையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்: வாசலில் நின்று அரை நிமிடத்தில் இதைக் கழற்றலாமா, திரும்பப் போடலாமா? இங்கிருந்து போகிறவர்கள் பருத்தி ரீசேர்ட்டுக்கு மேலே மொத்தமான ஸ்வெற்றர் ஒன்றைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு போவார்கள். பஸ்ஸுக்குள் வேர்க்கும், கழற்ற வழியிருக்காது. பருத்தி அந்த வேர்வையைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது. இறங்கி நாலு அடி வைத்தவுடன் முதுகு விறைக்கத் தொடங்கும். குளிர் தாங்கவில்லை என்று அடுத்த நாள் இன்னும் மொத்தமானதைப் போட்டால் இன்னும் வேர்க்கும்.

அதனால் தோலோடு ஒட்டியிருக்கிற உள்ளுடுப்பில் தொடங்கு. மெரினோ என்கிற மெல்லிய ஆட்டுக் கம்பளி முதல்தரம். விலை இடித்தால் பொலியெஸ்ரர் தேர்மல் போதும், பருத்தி மட்டும் வேண்டாம். மெரினோவில் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் எடை என்று போட்டிருப்பதைப் பார்த்து எடு. அதற்கு மேலே போனால் வகுப்பில் அவியும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்தாலும் தோலுக்கு நனைந்த மாதிரித் தெரியாது. மணமும் லேசில் பிடிக்காது. ஒருநாள் போட்டு இரவில் காற்றாட விட்டால் மூன்று நான்கு தரம் போடலாம். ஆகவே மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு போதும். உடம்போடு இறுக்கமில்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இடையில் குளிர்காற்று ஓடும், வேர்வையையும் இழுக்காது.

அதைத் தோய்ப்பதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண சலவைத்தூளில் இரத்தக்கறை, பால்கறை போக்குவதற்கென்று புரதத்தைக் கரைக்கிற நொதியம் சேர்த்திருப்பார்கள். கம்பளியும் புரதம்தான், அதையும் மெல்ல மெல்லத் தின்று ஓட்டை போட்டுவிடும். கம்பளிக்கென்று விற்கிற திரவச் சவர்க்காரம் வாங்கு. தண்ணீர் 30 பாகைக்கு மேல் வேண்டாம். ட்ரையரில் போடவே போடாதே: சூடும் உருட்டலும் சேர்ந்தால் நாரின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், சுருங்கின கம்பளியைத் திரும்ப இழுக்க முடியாது. துவாயில் பரத்தி நீர் ஒற்றி, தட்டையாகக் கிடத்திக் காயவிடு. கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் கை நீண்டுவிடும்.

உள்ளுடுப்புக்கும் வெளி ஜக்கெற்றுக்கும் இடையில் போடுகிற நடு அடுக்கு மூன்று உருப்படி: முன்பக்கம் முழுக்க ஸிப் உள்ள ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை நார்ச் சட்டை) ஒன்று, மெல்லிய கம்பளி ஸ்வெற்றர் ஒன்று, பொத்தான் வைத்த கார்டிகன் ஒன்று. ஃபிளீஸ் 200 கிராம் எடை நடுத்தரம், அதுவே காணும். ஸிப் ஏன் என்றால், பஸ்ஸில் ஏறினவுடன் ஜக்கெற்றையும் அதையும் சேர்த்துத் திறந்துவிடலாம். ஃபிளீஸை உட்புறம் வெளியே திருப்பித் தோய், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் உருண்டை உருண்டையாகப் பந்து கட்டும்.

இனிப் பெரிய செலவு. வின்ரருக்கென்று ஒதுக்குகிற காசில் பாதியை பார்க்காவுக்கும் (தொப்பி வைத்த நீளமான குளிர் ஜக்கெற்) பூட்ஸுக்கும் வை. மற்றதெல்லாம் மலிவாக இருந்தாலும் சமாளிக்கலாம், இந்த இரண்டும் கைவிட்டால் ஒன்றும் காப்பாற்றாது. விலைச்சீட்டில் பார்க்கிற தொகைக்கு மேல் ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம் வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்.

பார்க்கா தொடையை மூட வேண்டும், முழங்கால்வரை வந்தால் இன்னும் நல்லது. உள்ளே வாத்திறகா செயற்கைப் பஞ்சா என்று லேபலில் பார். இறகு என்றால் ஃபில் பவர் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதுதான் அது. 550 முதல் 700 வரை உனக்குப் போதும். 800, 900 என்பது பாரம் குறைந்து விலை கூடினது. பாரம் குறைய வேண்டியது மலை ஏறுகிறவர்களுக்கு, உனக்கு அந்தக் காசு வீண். ஆனால் அந்த எண் மட்டும் சூட்டைச் சொல்லாது, எவ்வளவு இறகு அடைத்திருக்கிறார்கள் என்பதும் சேர வேண்டும். கையால் அமுக்கி விட்டுப் பார்: உடனே எழும்பி வர வேண்டும். தையலுக்குத் தையல் இடையில் வெற்றுத்துணி பிடிபட்டால் அந்த இடத்தால் குளிர் ஏறும். இறகுக்கு ஒரு குறை உண்டு, நனைந்தால் கட்டிபட்டுச் சூடு போய்விடும். ரொறன்ரோவில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் மழையும் சேறான பனியும் கலந்து கொட்டுகிற நாள்கள் நிறைய. ஆகவே மேல்துணி தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். அப்படி இறகுப் பார்க்கா அகப்படாவிட்டால் செயற்கைப் பஞ்சு வைத்ததையே எடு, அது ஈரத்திலும் ஓரளவு சூடு தரும்.

போட்டுப் பார்க்கும்போது வெறும் ரீசேர்ட்டோடு பார்க்காதே. உள்ளே உள்ளுடுப்பும் ஃபிளீஸும் இருக்கட்டும். இரண்டு கையையும் தூக்கு: மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அது உன் அளவு இல்லை. கைமுனையில் உள்ளே இறுகலான பின்னல் பட்டி இருக்கிறதா பார். ஸிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற வகையாக இருந்தால் நல்லது. பஸ்ஸில் இருக்கும்போது கீழிருந்து திறந்துவிட்டால் முழங்காலை இழுத்துப் பிடிக்காது, ஸிப்பும் வெடிக்காது. தலையை மூடுகிற தொப்பி பார்க்காவோடேயே இருக்கட்டும். காற்றுக்கு அதுதான் காவல்: மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் முகத்துக்கு அது மைனஸ் 20 மாதிரி. காலையில் வானிலை பார்க்கும்போது காற்றையும் சேர்த்துச் சொல்கிற அந்த எண்ணைப் பார்த்துத்தான் உடுக்க வேண்டும்.

பாவித்த பார்க்கா வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை. வலியூ வில்லேஜ் மாதிரிக் கடைகளில் நல்லது அகப்படும். ஸிப்பைப் பத்துத் தரம் இழுத்துப் பார், கைக்குழியில் இறகு ஊசி ஊசியாக வெளியே வருகிறதா பார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இறகு அடியில் போய்க் குவிந்திருக்கிறதா பார், மணந்தும் பார். சொந்தக்காரர் ஆராவது தங்கள் பழைய ஜக்கெற்றைத் தந்தால் மறுக்காதே. ஆனால் இதே சோதனையை அதற்கும் செய். தோள் அளவு பிழைத்ததை மரியாதைக்காக மூன்று மாதம் போட்டுத் திரியாதே. பார்க்காவை நவம்பர் நடுப்பகுதிக்குள் எடுத்துவிடு. மலிவு விற்பனை பெப்ரவரியில் வரும் என்று காத்திருந்தால் குளிர் முடிகிற நேரம்தான் கைக்கு வரும்.

இங்கிருந்து கொண்டுபோன மழை ஜக்கெற்றை எறியாதே. ஒக்ரோபர், நவம்பர், பிறகு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஃபிளீஸுக்கு மேலே அது போதும். பார்க்கா மூன்று மாதத்துக்குத்தான்.

பூட்ஸை பின்னேரத்தில் போய்ப் பார், அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கடைக்குக் கம்பளி மேஸ் கொண்டு போ, அதைப் போட்டுக்கொண்டு அரை அளவு கூட எடு. பெருவிரல் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குளிருக்கு இரண்டு மேஸ் போடுவது பிழை: கால் இறுகி இரத்தம் ஓடாது, சூட்டைப் பிடிக்கிற காற்றும் நசுங்கிவிடும். மொத்தமான கம்பளி மேஸ் ஒன்று போதும், நான்கு சோடி வைத்திரு. அடிப்பகுதியை நகத்தால் அமுக்கிப் பார். கடினமான பிளாஸ்ரிக் குளிரில் இன்னும் இறுகி ஐஸில் வழுக்கும், மெத்தென்ற ரப்பர்தான் பிடிக்கும். நடைபாதையில் உப்புக் கொட்டுவார்கள், அது தோலில் வெள்ளைக் கோடு விடும். வீட்டுக்கு வந்தவுடன் ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிடு, நாள்படவிட்டால் தோல் வெடிக்கும். ஈரமான பூட்ஸை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதே, உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்து வை. வகுப்புக்குள் போட மெல்லிய சப்பாத்து ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

காற்சட்டை மூன்று: ஜீன்ஸ் ஒன்று, கம்பளி கலந்தது ஒன்று, வேலைக்கோ விழாவுக்கோ போடக்கூடிய கறுப்பு ஒன்று. ஜீன்ஸ் பருத்தி, தனியே போட்டால் ஐஸ்தான். உள்ளே தேர்மல் போகிற அளவுக்குத் தளர்வாக எடு. கைக்கு விரல் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்திருக்கிற மிற்றன் சூடு கூட. உள்ளே ஃபோன் தட்டக்கூடிய மெல்லிய கையுறை ஒன்று. தலைக்குக் கம்பளித் தொப்பி இரண்டு, ஏனென்றால் ஒன்று கட்டாயம் பஸ்ஸில் தவறும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். தடவிவிட்டு வெளியே போனால் தலையில் கட்டிபட்டுத் தொப்பியிலும் பிடித்து நாறும். எண்ணெய் வைப்பது முழுகுகிற நாளுக்கு முதல்நாள் இரவோடு இருக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே.

நிறத்தில் ஒழுங்கு இருந்தால்தான் கொஞ்ச உடுப்பு நிறைய உடுப்பாகும். கடும்நீலம், சாம்பல், கறுப்பு அடியாக இருக்கட்டும். உன் நிறத்துக்குக் கடுகு மஞ்சளும் அரக்கும் எடுக்கும், அதை ஸ்வெற்றரிலும் தொப்பியிலும் வை. வீட்டில் இருக்கிற சட்டைகளில் ஐந்து, காற்சட்டை மூன்று, நடு அடுக்கு மூன்று, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் 45 விதமாக உடுக்கலாம். ஒன்று மட்டும் பொருந்தாத பச்சையாக இருந்தால் அது அலுமாரியிலேயே கிடக்கும். டிசம்பரில் நாலே முக்கால் அளவில் பொழுது பட்டுவிடும். கறுப்புப் பார்க்காவில் வீதி கடக்கிற ஆளைச் சாரதிக்குத் தெரியாது. அந்த மஞ்சள் தொப்பி அதுக்கும் உதவும்.

சாறிக்கு வருகிறேன். தைப்பொங்கல் அங்கே நடுக்குளிரில்தான் வரும். பாவாடைக்கு உள்ளே மெரினோ லெகிங்ஸ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பூட்ஸோடு போய்ச் செருப்பை அங்கே மாற்று. காரிலிருந்து வாசல்வரை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள், உப்புத் தண்ணீர் கரையில் பட்டால் சரிகை கறுக்கும். பட்டுச்சாறியை உடுத்தினால் மேலே பார்க்காவைக் கொழுவிக்கொள், இடுப்புப்பட்டி இருந்தால் இறுக்காதே, மடிப்புக் கலையும். சாறிச் சட்டைதான் பிரச்சினை. இங்கே தைத்த கைக்கட்டைச் சட்டைகளுக்குள் தேர்மல் போகாது. ஆகவே மணிக்கட்டுவரை கை வைத்து, கழுத்து ஏற்றி, அஸ்தர் (உள்துணி) போட்டு இரண்டு சட்டை வெள்ளவத்தையில் தைப்பித்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஒன்று அரக்கு, மற்றது கறுப்பு. உன்னிடம் உள்ள சாறி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் போகும்.

பெரியம்மா அடுத்த மாதம் வரும்போது ஒரு பொதி கொண்டுவருவா. பார்க்காவையும் பூட்ஸையும் நான் வாங்கமாட்டேன். நுவரெலியா பஸாரில் ஜக்கெற் தொங்குகிறதுதான், நல்லதும் இருக்கும். ஆனால் நீ போட்டுப் பார்க்காமல் அளவு பிடிபடாது, பெட்டியில் பாதி இடத்தையும் அதுவே அடைக்கும். ஃபிளீஸும் லெகிங்ஸும் மேஸும் இங்கே ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சினவையில் நல்லதாக அகப்படும். லேபல் வெட்டியிருந்தால் பரவாயில்லை, தையலையும் ஸிப்பையும் இழுத்துப் பார்த்து எடுக்கிறேன். நீ அவற்றை அங்கே வாங்கிவிடாதே.

சட்டைக்கு அளவு எடுக்கும்போது தேர்மலைப் போட்டுக்கொண்டு எடு. மார்பு, இடுப்பு, கைக்குழி சுற்று, மேற்கை சுற்று, தோளிலிருந்து மணிக்கட்டு நீளம் (முழங்கையைக் கொஞ்சம் மடித்துவைத்து அள), கழுத்துச் சுற்று. எல்லாம் அங்குலத்தில். நாடாவை இறுக்காமல் பிடி. தளர்வுக்கு வேண்டியதைத் தையற்காரர் விடுவார், நீயாக ஒன்றும் கூட்டாதே. கூட்டினால் இரண்டு தரம் கூடிவிடும். வருகிற ஞாயிறுக்குள் வட்ஸ்அப்பில் போட்டுவிடு, திங்கள் காலை துணி எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா