முதல் புத்தகத்திலிருந்தே தொடங்கு

அன்பு மகளுக்கு,

‘வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜாலக் கதையின் டிவி தொடர் மூன்று சீசனோடு நின்றுவிட்டது என்ற செய்தி 2025 மே மாதம் வந்தபோது நீ பட்ட வருத்தம் எனக்குத் தெரியும். கதாநாயகன் ராண்ட் கடைசியில் என்ன ஆனான் என்று தெரியாமலே போய்விடுமே என்றாய். போகாதும்மா. திரையில்தான் அது பாதியில் நிற்கிறது. புத்தகத்தில் அந்தக் கதை 2013 ஜனவரியிலேயே முழுசாக முடிந்துவிட்டது. மொத்தம் 14 புத்தகங்கள், எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

மூன்றாவது சீசன் பெரும்பாலும் நான்காவது புத்தகத்தின் கதைதானே, அதனால் ஐந்தாவதிலிருந்து எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முதலாவதிலிருந்து படி. பார்த்த கதையைத் திரும்பப் படிக்கிறோம் என்ற நினைப்பு சில அத்தியாயங்களிலேயே போய்விடும்.

ராண்டின் நண்பன் பெரினை எடுத்துக்கொள். தொடரின் முதல் எபிசோடிலேயே அவன் கைதவறித் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். புத்தகத்தில் அந்த வயதில் அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தன் கையில் இருக்கும் கோடரி தன்னை எப்படிப்பட்டவனாக மாற்றிவிடுமோ என்கிற பயம் அவனுக்குள் மெல்ல மெல்ல வளர்கிறது. மனதுக்குள் நடப்பதைக் கேமரா காட்ட முடியாது, அதற்கு ஒரு சம்பவம் வேண்டும். தொடரை எடுத்தவர்களுக்கு அதற்கான காரணம் இருந்திருக்கும். ஆனால் புத்தகத்தின் பெரின்தான் எனக்கு நெருக்கமானவன். எதையும் யோசித்து யோசித்துச் செய்கிற அந்தப் பையனை நீ இன்னும் சந்திக்கவே இல்லை.

ராண்டை ஊரிலிருந்து அழைத்துப் போகும் மந்திர சக்திக்காரி மொரேனும் அப்படித்தான். ரோசமண்ட் பைக் நடித்ததால் தொடரின் நடுவில் அவள் நிற்கிறாள். முதல் புத்தகத்தின் பெரும்பகுதி ராண்டின் கண் வழியாகப் போவதால், அவனுக்கு அவளை நம்பலாமா என்றே தெரியாது. நமக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தோடு அவள் பின்னால் போவது தனி அனுபவம்.

என்னைப் புத்தகத்துக்கு இழுத்தது எது தெரியுமா? ரூயிடியன் நகரத்துக் கண்ணாடித் தூண்கள். ராண்ட் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு முன்னோரின் வாழ்க்கைக்குள் போகிறான், காலம் பின்னோக்கி நகர்கிறது. அத்தனை முன்னோர்களாகவும் அதே நடிகரே நடித்ததைப் பார்த்து நீ வியந்தாய். புத்தகத்தில் இதைப் படிக்கும்போது விளைவு முதலில் வரும், காரணம் அடுத்த காட்சியில்தான் வரும். நான் பலமுறை பக்கங்களைப் பின்னால் புரட்டி முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பையன், கடத்தப்பட்ட சகோதரியை மீட்கப் போன இடத்தில் கொலை செய்துவிட்டுத் திரும்புவான். யாரையும் கொல்வதில்லை என்று சத்தியம் செய்த கூட்டம் அவனுடையது. பெற்ற தாயே அவனை மகனில்லை என்பாள், முகத்தை மூடிக்கொள்ளச் சொல்வாள். அந்த முன்னோர்களின் வழிவந்த பாலைவன வீரர்களான ஐயெல் மக்கள் கொல்வதற்கு முன் ஏன் முகத்திரை போடுகிறார்கள் என்பது அங்கே புரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளை பெற்றவனுக்கு அது லேசான பக்கம் இல்லை.

இந்தப் புத்தகங்கள் முடிந்த கதையையும் சொல்ல வேண்டும். ராபர்ட் ஜோர்டன் முதல் புத்தகத்தை 1990இல் வெளியிட்டார். 2007இல், கடைசிப் புத்தகம் முடியும் முன்பே நோயில் இறந்துபோனார். உடம்பு முடியாத நாட்களிலும் கதை எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் குறிப்புகள் விட்டுப்போனார், முடிவுக் காட்சியை அவரே எழுதியும் வைத்தார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அந்தப் புத்தகங்களின் எடிட்டர். கணவர் போன துக்கத்திலும் அவர் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேடிப் பிடித்தார். ஒரே புத்தகமாக நினைத்தது மூன்றாக விரிந்தது. வாசகர்களைப் பாதியில் விடக் கூடாது என்று இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை நீ நடுவிலிருந்து எடுத்தால் எனக்கு மனசு கேட்காது.

படிக்கும்போது சிலதை நினைவில் வை. முதல் புத்தகத்தின் தொடக்கத்தில் இடிந்த மாளிகையில் ஒருவன் அலைவான், ஒன்றும் புரியாது. புரியாமலே தாண்டிப் போ. மொரேனும் அவளுடைய காவலன் லானும் முதன்முதலில் சந்திக்கும் கதை ‘நியூ ஸ்பிரிங்’ என்று தனியாக இருக்கிறது. மொரேன் மேல் உனக்கு இருக்கிற பிரியத்துக்கு அதைத்தான் முதலில் எடுப்பாய். எடுக்காதே, அது 2004இல், பத்தாவது புத்தகத்துக்கும் அப்புறம் வந்தது. ஐந்து புத்தகமாவது முடியட்டும்.

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை கதை மெதுவாக நகரும், பத்தாவதில் ரொம்பவே. அங்கே அலுப்புத் தட்டினால் மூடி வைத்துவிடாமல் எனக்குப் போன் செய். யார் யார் எங்கே இருக்கிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன். பதினொன்றாவதில் எல்லாம் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

அன்புடன்,
அப்பா