பேரியம் என்றாலே விஷமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டாசு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பேரியம் எந்த வடிவத்தில் உடம்புக்குள் போனாலும் விஷம்தான் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருக்காரர் ஒருவர், டாக்டர் எழுதிக்கொடுத்த பேரியம் எக்ஸ்ரேயை எடுக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேதியியல் நடத்தியவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் எல்லாம் கார மண் உலோகங்கள் என்ற ஒரே குடும்பம். எல்லாமே வெளிக்கூட்டில் உள்ள 2 எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து வேறொன்றோடு சேர்ந்துகொள்ளும், தனியாக மண்ணில் கிடைக்காது. ஆகவே எதோடு சேர்ந்திருக்கிறது, அது கரையுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சல்பேட்டுகளையே பாருங்கள். மெக்னீசியம் சல்பேட் நம் ஊர் பேதி உப்பு, தண்ணீரில் சுலபமாகக் கரையும். கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், கொஞ்சம்தான் கரையும். ஸ்ட்ரான்சியம் அதைவிடக் குறைவு. பேரியம் சல்பேட்டோ ஒரு லிட்டர் தண்ணீரில் 2, 3 மில்லிகிராம் கரைந்தாலே அதிகம். அதனால்தான் அதைத் தண்ணீரில் கலக்கிய வெள்ளைக் குழம்பாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் சேராமல், எக்ஸ்ரேயை மறித்துக் குடலின் வடிவத்தைப் படத்தில் காட்டிவிட்டு, வந்த வழியே போய்விடும். (குடலில் ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கொடுக்க மாட்டார்கள், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.)

சரி, அப்படியானால் பேரியம் பரம சாதுவா? இல்லை. பேரியம் கார்பனேட்டும் தண்ணீரில் கரையாததுதான், ஆனால் வயிற்று அமிலம் அதைக் கரைத்துவிடும், அதனால்தான் அது எலி மருந்தாக விற்றது. பிரேசிலில் 2003-ல் எக்ஸ்ரேக்குக் கொடுத்த சல்பேட்டில் இந்தக் கார்பனேட் கலந்திருந்ததால் நோயாளிகள் பலர் இறந்தார்கள். கரைந்த பேரியம் ரத்தத்துக்குள் போனால் பொட்டாசியத்தின் போக்குவரத்தைக் கெடுக்கும். தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். கரையும் பேரியத்தை விழுங்கியவருக்கு மருத்துவமனையில் கொடுப்பதில் ஒன்று மேலே சொன்ன பேதி உப்பு. அதிலுள்ள சல்பேட், குடலில் இருக்கும் பேரியத்தைக் கரையாத சல்பேட்டாக மாற்றிவிடும்.

இப்போது சிவகாசிக்கு வருவோம். அங்கே பச்சை உப்பு என்று சொல்வது பேரியம் நைட்ரேட். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 90 கிராம் கரையும், சல்பேட்டோடு ஒப்பிடவே முடியாது. தீக்கு ஆக்சிஜனையும் அதுவே கொடுக்கும், குளோரின் உள்ள பொருள் கூட இருந்தால் பச்சை நிறத்தையும் அதுவே கொடுக்கும் என்பதால் கம்பி மத்தாப்பு வரைக்கும் அதைப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் பயன்பாடு நிற்கவில்லை என்று 2021-ல் கண்டித்தது. உற்பத்தியாளர்கள் மறுபடி அனுமதி கேட்டபோது 2023-ல் மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால் தடை சரிதான். எரிந்த பிறகு புகையில் வரும் பேரியம் ஆக்சைடாகவும் குளோரைடாகவும் இருக்கும், இரண்டும் கரையக்கூடியவை.

ஆனால் தடையைப் பற்றி எழுதுகிறவர்கள் தீபாவளி இரவின் புகையைத்தான் எழுதுகிறார்கள், இல்லையென்றால் ஆலை முதலாளிகளின் நஷ்டத்தை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் நாள் முழுக்க அந்தத் தூளோடு கிடப்பவர்களை யாரும் கேட்பதில்லை. அந்தத் தூள் மூக்கில் போகிறது, நகக்கண்ணில் ஒட்டுகிறது, கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட்டால் சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடுகிறது. வெடி விபத்து நடந்தால் மட்டும் அவர்கள் செய்தியாகிறார்கள். எந்த உப்புக்குத் தடை வந்தாலும் சரி, அதற்குப் பதில் எந்த உப்பு வந்தாலும் சரி, கலவை அறையில் ஓடும் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா, கொடுக்கிற முகக்கவசம் தூளைத் தடுக்கிற தரத்தில் உள்ளதா, சாப்பிடத் தனி இடம் இருக்கிறதா என்று நிருபரை அனுப்பிப் பார்த்து எழுதுங்கள்.

பேரியம் எக்ஸ்ரேக்கு அந்தக் கட்டுரை பொருந்தாது என்று ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். என் தெருக்காரர் நான் சொன்னால் நம்ப மாட்டேன், பேப்பரில் வந்தால் நம்புகிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.