பாடசாலை உணவு ஐந்தாந்தரத்துடன் நிற்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை உணவுத் திட்டம் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டதை வரவேற்றவர்களுள் நானும் ஒருத்தி. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில், அத்திட்டத்தில் எஞ்சியுள்ள ஒரு குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தரம் 5 வரை பாடசாலையில் உண்ட பிள்ளைக்குத் தரம் 6இல் காலடி வைத்ததும் பெரும்பாலான பாடசாலைகளில் அந்த உணவு கிடைப்பதில்லை.

உடல் அதிகம் கேட்கும் வயதே அதுதான். பத்து, பதினொரு வயதிலிருந்து வளர்ச்சி வேகமெடுக்கிறது. பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கோ மாதந்தோறும் ஏற்படும் குருதி இழப்பினால் இரும்புச்சத்தின் தேவை மேலும் கூடிவிடுகிறது. இரும்புச்சத்து குருதிக்கு மாத்திரமன்றி, மூளையின் நரம்புக் கலங்களிடையே செய்தி கடத்தும் இரசாயனப் பொருட்கள் உருவாகவும் இன்றியமையாதது. பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையானோரின் குருதியில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அதனைக் குருதிச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தகைய மாணவி மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கிறாள், கரும்பலகையில் உள்ளதைப் பாதியில் எழுதாமல் விடுகிறாள். நாமோ தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

ஏழரை மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்குத் தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுள் பலரின் காலை உணவு ஒரு கோப்பைப் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும்தான். வயிறு நிறையாதது ஒருபுறமிருக்க, சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கவும் செய்கிறது. பாடசாலையில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வெறுவயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்பதால், அதனை விழுங்குவதாகப் பாவனை செய்து கொம்பாஸ் பெட்டிக்குள் ஒளித்த மாணவிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கண்டிப்பதில் பயனில்லை, முதலில் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும்.

உணவு கொடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் முதலிடம் பெறுவர் என்று நான் சொல்லவில்லை. ஜமேக்கா நாட்டின் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் ஓராண்டு காலம் காலை உணவு வழங்கி நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு, வரவும் உடல் நிறையும் கூடியதையும், இளைய வகுப்பினர் கணக்கில் முன்னேறியதையும் காட்டிற்று. பலன் சிறிதென்றாலும் உண்மையானது. இங்கே மாதந்தோறும் ரியூஷனுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் பெற்றோர்கூட அதே பிள்ளையின் பைக்குள் ஒரு பணிஸை வைத்து அனுப்புவதைப் பார்க்கையில், எதற்கு முதலிடம் கொடுக்கிறோம் என்ற கேள்வி எழாமலில்லை.

நம் மாவட்டத்தில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. சூடையும் நெத்தலியும் கரைக்கு வரும் ஊர்கள் இவை. சிறுமீன் தன்னிடமுள்ள இரும்புச்சத்தைத் தருவதோடு, கூடவே உண்ணும் சோற்றிலும் பருப்பிலும் உள்ளதையும் உடல் எளிதில் ஏற்க உதவுகிறது. முள்ளோடு உண்டால் கல்சியமும் கிடைக்கும். முருங்கையிலைச் சுண்டலில் சிறிது தேசிப்புளி விட்டால் கீரையின் சத்தும் வீணாகாது. இவை எதுவும் கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டியவை அல்ல.

தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம் 1984இலேயே பதினைந்து வயது வரையான மாணவரை எட்டிவிட்டது. நம் நாட்டின் நிதிநிலைமையில் எல்லா மாணவருக்கும் உடனே கொடுப்பது கடினம் என்பதை அறிவேன். ஆயினும் வெருகல், ஈச்சிலம்பற்று, திரியாய் போன்ற பின்தங்கிய பகுதிகளின் பாடசாலைகளிலாவது தரம் 6 முதல் 9 வரையான மாணவருக்கு இத்திட்டத்தை நீட்டிக்க மாகாணக் கல்வி அமைச்சு முன்வர வேண்டும். உணவை இடைவேளை வரை தள்ளிப்போடாமல் முதற்பாடம் தொடங்குமுன் கொடுப்பதும், மாத்திரையை அதன் பின்னரே வழங்குவதும் அதிபர்கள் மனம் வைத்தால் மேலதிகச் செலவின்றி நடக்கக்கூடியவை. சமைத்துக் கொடுக்கும் தாய்மாருக்குரிய பணம் மாதக்கணக்கில் தாமதிக்கும்போது கடன் வாங்கிச் சமைக்கும் அவர்களின் பானையிலிருந்து முதலில் மறைவது முட்டையும் மீனும்தான் என்பதால், அக்கொடுப்பனவு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.