குழாய்ச் சத்தம்

முசிறி,
15.06.2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். அப்பாவுக்கு இடது கண் புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் இரண்டு வாரம் விட வேண்டும். மேட்டூரில் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டதால் இங்கே கரையோரம் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருக்கிறது. இதையெல்லாம் விரிவாக எழுதத்தான் தாளை எடுத்தேன், ஆனால் மனம் எதிலும் நிற்கவில்லை.

தினமும் காலை ஏழே முக்காலுக்கு, "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று உன்னிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. மே மாதம் குட்டி இங்கே என் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நாட்களிலும் அதே வரிதான், அதே "எல்லாரும்" என்ற சொல்லோடு வந்தது. அதைப் பார்த்தபோதுதான் நீ அந்த வரியை யோசித்து எழுதுவதில்லை, கையெழுத்துப் போடுவதுபோல் அனுப்பிவிடுகிறாய் என்று எனக்குப் புரிந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் ஆபீஸில் இருக்கிறேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே பதில்தான் வருகிறது. நான் குறை சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவில் நேரத்தோடு படு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

குட்டியைப் பற்றி நான் பார்த்ததை உன்னிடம் மறைக்கக்கூடாது. அவள் இங்கே இருந்த 22 நாட்களில் முக்கால்வாசி நாட்கள் இரவு பதினொன்றரை மணிக்குமேல் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. முதல் இரண்டு நாள் பிள்ளை துணி அலசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். காலி வாளியில் விழும்போது தண்ணீர்ச் சத்தம் பெரிதாக இருக்கும், வாளி நிரம்ப நிரம்ப அது அடங்கிப்போகும் என்பது உனக்குத் தெரியும். சத்தம் அடங்கும் நேரத்தில் உள்ளே அவள் விசும்புவது எனக்குக் கேட்டது. உடனே வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பிடித்தாள். அப்படி மூன்று முறை கவிழ்த்தாள். வெளியே வந்தவளிடம், "இன்னும் தூங்கலையா கண்ணு?" என்று கேட்டேன். "முகம் கழுவினேன் அம்மாச்சி" என்றாள். மோர்க்குழம்பு என்றால் உயிரை விடும் பிள்ளை, தட்டில் பாதிச் சோற்றை ஓரம் ஒதுக்கிவிட்டு எழுந்துபோகிறாள். பிளஸ் ஒன் பாடம் கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் உண்டா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்கிறாள். அவளுடைய அப்பாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி மாதம் நீ தனி ஆளாக வீடு பார்த்து, முன்பணம் புரட்டி, பிள்ளைக்குப் பள்ளி மாற்றி, ஒரு நாள்கூட வேலைக்கு லீவு போடாமல் நின்றதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் எந்த ஆணும் அவ்வளவு உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் நீ மாப்பிள்ளை வீட்டை விட்டு வந்ததை உன் தம்பி வாய் வழியாகத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெற்றவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய் என்று அன்று முழுவதும் அப்பாவிடம் புலம்பினேன். ஏன் சொல்லவில்லை என்ற காரணம் எனக்கே தெரியும் என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். குட்டியை ஒருமுறை கவுன்சலிங் அழைத்துப் போ. நீயும் தனியாக ஒருமுறை போய் உட்கார்ந்து பேசு. 16 வயதில் வீடும் பள்ளியும் தோழிகளும் ஒரே நேரத்தில் மாறினால் எந்தப் பிள்ளைக்கும் தடுமாற்றம் வரும். 44 வயதில் வாழ்க்கையையே பாதியில் மாற்றி அமைக்கும் பெண்ணுக்கும் வரும். உன் வயதில் மாதவிலக்கு முறை மாறத் தொடங்கும்போது தூக்கம் கெடுவதும், காரணம் தெரியாமல் அழுகையும் எரிச்சலும் வருவதும் உண்டு. ஆகவே முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடு. உடம்பில் இருப்பதை மனதில் இருப்பதாகவும், மனதில் இருப்பதை உடம்பில் இருப்பதாகவும் நினைத்து வருடக்கணக்கில் அலைந்த பெண்களை என் 34 வருட நர்ஸ் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் போவது என்பதிலும் கவனம் வேண்டும். மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். மருந்தில்லாமல் பேச்சின் வழியாக உதவுகிறவர்களில் மருத்துவ உளவியலாளர் என்றால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த எண் இருக்கும். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதே. வாசலில் பலகை மாட்டியவர்கள் எல்லாம் படித்தவர்கள் அல்ல. வளரும் பிள்ளை என்றால் முதலில் உன்னையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவார்கள், பிறகு உன்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒழிய அவள் சொன்னதைப் பொதுவாக உன்னிடம் சொல்ல மாட்டார்கள். வெளியே காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம் உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று துருவாதே. ஒரே நாளில் மாற்றம் தெரியாது, நான்கைந்து முறையாவது போக வேண்டும். பேசுபவரைக் குட்டிக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஒருவரிடம் போகலாம், அதில் தவறில்லை.

உனக்கு வேறொரு பயமும் இருக்கக்கூடும். நாளைக்குக் கோர்ட்டில், இவள் மனநலச் சிகிச்சை எடுத்தவள், பிள்ளையை இவளிடம் விடக்கூடாது என்று அவர்கள் பக்கத்தில் யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தைச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன்; உன் பெயரைச் சொல்லவில்லை. ஒருவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் முடிவு செய்தாலும்கூட, நீதிமன்றம் அவ்வாறு அறிவிக்காதவரை, அதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உன் வக்கீலிடம் நீயும் ஒருமுறை கேட்டுக்கொள், ஆனால் அந்தப் பயத்தால் போகாமல் இருந்துவிடாதே.

இனி நான் எழுத வேண்டியது என்னைப் பற்றி. எங்கே தொடங்கினாலும் கை அதைத் தாண்டித்தான் போகிறது.

குட்டி வாளியைக் கவிழ்த்த சத்தம் எனக்குப் புதிது அல்ல. 1998-இல் பிளஸ் டூ மதிப்பெண் வந்த பிறகு நீ கொல்லைத் தொட்டியடியில் குழாயைத் திறந்துவிட்டு இரவில் உட்கார்ந்திருந்தாய். அப்போதும் தண்ணீர் வழிந்து துளசி மாடம் வரைக்கும் போயிற்று. உனக்குப் பிடித்த அந்த வேதியியல் டீச்சர் வீடு தேடி வந்து, திருச்சி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை அழைத்துப்போய்ப் பேச வையுங்கள், நானும் கூட வருகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என் பெண்ணுக்குப் பைத்தியம் என்கிறீர்களா என்று நான் கேட்டேன். அவர் குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ கேட்டாய் என்று தெரிந்தும் நான் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

அந்த மருத்துவமனையில் பலருக்கு என்னைத் தெரியும். ஓ.பி. சீட்டில் உன் பெயர் ஏறினால் ஊர் முழுவதும் நர்சம்மா மகள் என்று பேசும், நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பதுதான் என் மனதில் இருந்தது. பிறகு உன்னைக் குணசீலம் அழைத்துப்போனேன். பெருமாள் மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. மனம் கலங்கியவர்கள் அங்கே ஒரு மண்டலம், 48 நாட்கள், தங்கி முகத்தில் தீர்த்தம் வாங்கிக்கொள்வதையும் நாம் பார்த்தோம். ஆனால் டாக்டரிடம் போகாமல் இருப்பதற்குச் சாக்காகத்தான் நான் அந்தச் சந்நிதிக்குப் போனேன். உன் முகத்தில் தீர்த்தம் தெளித்தபோது நீ கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். 2001 ஆகஸ்ட் மாதம் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் செத்துப்போன செய்தியைக் கேட்டபோது, நல்ல வேளை, நம் பிள்ளை விஷயத்தை வெளியே விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சங்கிலிக்கும் மருத்துவரின் நாற்காலிக்கும் வித்தியாசம் தெரியாதவளாக வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்த விஷயத்தில்கூட ஈடுபாடு போய்விட்டால் அது சோம்பலோ திமிரோ அல்ல, கவனிக்க வேண்டிய நோய் என்று அந்த டாக்டர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே உன் முகம்தான் வந்தது. பிரசவமான பெண் பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லி அனுப்பினேன். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் செய்தேன். உன்னிடம் மட்டும் வந்து, அன்றைக்கு நான் தவறு செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டதும் நான்தான்.

2019 தீபாவளிக்கு மறுநாள் நீ போனில், "என்னால இங்க இருக்க முடியலம்மா" என்றாய். நான், "பிள்ளைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

குட்டி ஊருக்குப் போன பிறகு, இந்த மாதம் 5-ஆம் தேதி இரவு, 14416 எண்ணுக்கு நானே பேசினேன். "நட்புடன் உங்களோடு" என்று நம் அரசாங்கம் நடத்துகிறதே, அந்த மனநல எண். இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். பேத்தியைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் குட்டியைப் பற்றிச் சொன்னவள், எப்படி என்று தெரியவில்லை, தொட்டியடிக்கும் காபி டம்ளருக்கும் வந்துவிட்டேன். "இதை உங்க மகள்கிட்ட சொல்லியிருக்கீங்களா அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்தக் கடிதத்தைப் பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் சினேகா என்ற அமைப்பு இருக்கிறது. 1986-லிருந்து, தாங்க முடியாமல் தவிக்கிறவர்கள் பேசுவதைக் கேட்பதற்கென்றே தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு விஷயத்தில் யாராவது மிரட்டினால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. எல்லா எண்களையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு, குட்டி கண்ணில் படட்டும். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு நாள் குறித்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. நான் முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். உள்ளே வர மாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீயும் அவளும் பேசிவிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். நான் வர வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுது, வருத்தப்பட மாட்டேன். இரவில் குட்டி அறையில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை எழுந்து பார். வேளைக்குச் சாப்பிடு.

உன்
அம்மா