ஆவுளியாக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்

தமிழ்நாடு வனத்துறைக்கு,

வணக்கம். போன மாதம் வால்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாட்டுக் குட்டி ஒன்றைப் பார்த்தேன். சாலையோரத் தடுப்புச் சுவரில் ஏறி நின்றது. கீழே அதலபாதாளம். தாய் இறங்கிய வழியே அதுவும் செங்குத்துப் பாறையில் படபடவென்று இறங்கி மறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் உள்ளங்கால் கூசியது.

நான் சேதுபாவாசத்திரம் பக்கத்துக்காரன். எங்கள் கடலில் ஆவுளியா என்னும் கடல்பசு உண்டு. ஆனால் நாற்பது வருடம் கடலுக்குப் போன என் சித்தப்பாவே அதை நாலைந்து முறைதான் கண்டிருக்கிறார். மூச்சுவிட மேலே வந்த மூக்கு, சாம்பல் நிற முதுகு, அவ்வளவுதான். அடுத்த நொடி கலங்கிய தண்ணீர்.

கடல்பசு என்று பெயர் இருந்தாலும் ஆவுளியா பசுவுக்கு உறவில்லை. இன்றுள்ள தரைவிலங்குகளில் யானைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். மாட்டுக் குடும்பத்தில் இருப்பது வரையாடு. ஒன்று சோலைக்காட்டை ஒட்டிய மலைப்புல்லை மேய்கிறது, மற்றது கடற்புல்லை மேய்கிறது.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைச் சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் வரையாடு 'அருகிய இனம்'. ஆவுளியா அதைவிட ஒரு படி குறைந்த ஆபத்தில், 'அழிவாய்ப்பு இனம்'. இந்த ஒரு படியை நம்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் ஆவுளியாக்கள் வாழும் ஆஸ்திரேலியக் கடலையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இந்தியக் கடல்கள் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு தேறினால் அதிகம். வயிற்றில் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகும் ஒரு தாயின் இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

2022இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தீர்கள். அதே ஆண்டு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக்கினீர்கள். இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. வரையாட்டை மலை ஏறி எண்ணி, 2024இல் 1,031, 2025இல் 1,303 என்று ஊரறியச் சொன்னீர்கள். ஆவுளியாவுக்கும் அப்படி ஓர் ஆண்டுக் கணக்கு வேண்டும். எத்தனை தென்பட்டன, எத்தனை வலையில் சிக்கின, எத்தனை உயிரோடு விடப்பட்டன, கடற்புல் படுகை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெளியிடுங்கள். துல்லியமாக எண்ண முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். தோராயமே போதும். வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவர்களையும் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புல்திட்டில், எந்த மாதத்தில் அது மேய வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒருவன்